பச்சை மை

இன்னும் மூன்று பேர். மூன்று பேர் பேசி இறங்கினால் அடுத்தது சுகிர்தா, பதினொன்று நாற்பது, விலங்கியல் துறையின் ஆண்டு ஆய்வு நாள் நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, நிரலை அச்சகத்திலிருந்து வாங்கி வந்தவளும் அவள்தான், கட்டைப் பிரித்தபோதுதான் தன் பேச்சின் தலைப்பு மாறியிருப்பதைப் பார்த்தாள், ‘மலையோடை நண்டுகளின் இனப்பெருக்கம்’, எந்த மலை, எந்த ஓடை, அவள் மலையேறியே மூன்று வருஷமாகிறது. நிரலை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் தாள் மடங்க மறுத்தது. தாளுக்கு இருக்கிற ரோஷம்கூட இந்தத் துறையில் ஒருத்தருக்கும் கிடையாது, அவளையும் சேர்த்துத்தான். மேடையில் பிரசன்னா கொசுப்புழுக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிறான், மேடைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் வரிசையாக இருபத்து மூன்று கண்ணாடிப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறும் ஒரு நண்டு, எல்லாம் அவள் பிடித்த நண்டுகள். ஸ்பிரிட் நிறமில்லாமல் இருக்க வேண்டும். இளம்பச்சையாக இருக்கிறது. இருபத்து மூன்று புட்டியிலும் திருவிழாக் கடைச் சர்பத்தைத் தண்ணீரில் கலந்துவிட்ட மாதிரி ஒரு பச்சை, காலை எட்டரை மணிக்கு மேசையைச் சரிசெய்ய வந்தபோது அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, பயம் அப்புறம் வந்தது. முன்வரிசையில் அவளுடைய கைடு, துறைத்தலைவர், பேராசிரியர் குற்றாலலிங்கம், மேசையிலிருந்து ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் இன்னும் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருக்கிற டாக்டர் பத்மலோசனி மேல். டில்லியிலிருந்து வந்திருக்கிற நிபுணர், தமிழ்ப் பெண்மணிதான், குற்றாலலிங்கத்தின் பெரிய திட்டம் இன்னும் ஐந்து வருஷம் ஓடுமா நிற்குமா என்று எழுதப்போகிறவர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, பாதம் வீங்கியிருக்கும் போல, செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டிருக்கிறார்.

அந்த நண்டுக்கு என்ன குறைச்சல், துறையின் நுழைவாயிலில் அதன் படம், விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பையில் அதன் படம், எல்லார் சட்டையிலும் குத்தியிருக்கிற பேட்ஜில் அதன் படம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் குற்றாலலிங்கம் இளைத்த உடம்பும் முழங்கால்வரை மடித்த பேன்ட்டுமாக அருவிக்கு மேலே இருக்கிற ஓடையில் கல்லைப் புரட்டியபோது அகப்பட்டது, கட்டைவிரல் அகலம், கொடுக்கு நுனியில் ஊதா, உலகத்தில் வேறெங்கும் இல்லை, சுத்தமான தண்ணீரைத் தவிர வேறெதிலும் வாழாது என்று எழுதினார், அன்றைக்கு அது அவருக்குத் தெரிந்த வரைக்கும் உண்மை, அவள் அதைக் குறை சொல்லமாட்டாள். அப்புறம் அவர் ஓடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாற்காலி வந்தது, கார் வந்தது, மூட்டுவலி வந்தது. சுகிர்தா சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் மாதம் தவறாமல் ஏறினாள், அட்டை கடிக்கக் கடிக்க ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள், அந்த ஓடையில் ஒரு நண்டு இல்லை. ஷாம்பு உறை இருந்தது, பாட்டில் மூடி இருந்தது. நண்டு இல்லை சார் என்று வந்து சொன்னபோது, சரியாத் தேடினியாம்மா என்றார். சரியாகத் தேடினாயா, அந்தக் கேள்வியை அவள் இரண்டு வருஷம் சுமந்தாள், தேடத் தெரியாதவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டாள். பிரசன்னா செருமுகிறான். கைதட்டல். அவளும் தட்டினாள், உள்ளங்கை ஈரமாக இருந்ததால் சத்தம் வரவில்லை.

ஏறி இறங்கி ஓய்ந்துபோய், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் விடுதியின் பின்பக்கம் துணி எடுக்கப் போனாள், சமையற்கட்டுக்குப் பின்னால், கஞ்சித்தண்ணீரும் பாத்திரம் கழுவின தண்ணீரும் போகிற வழியில், செங்கல் சந்துக்குள்ளிருந்து ஊதா நுனி எட்டிப்பார்த்தது. வெட்கமே இல்லாமல் ஒரு சோற்றுப் பருக்கையைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு வருஷமா உன்னைத் தேடி மலையெல்லாம் ஏறினேனே, இங்கே உட்கார்ந்து மெஸ் சோறா தின்கிறாய் என்று அவள் வாய்விட்டே கேட்டாள், சமையற்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பாவம், படிச்சுப் படிச்சு இப்பிடி ஆயிட்டு என்றாள். மற்றவர்கள் ஆய்வுப் பொருளைத் தேடிக் கடல்கடந்து போகிறார்கள், அவளுக்கு எச்சில் தட்டு கழுவுகிற இடத்தில் கிடைத்தது. இரண்டு மழைக்காலம் பார்த்தாள். இருபத்து மூன்றைத்தான் எடுத்தாள், எண்ணியதோ இருநூறுக்கு மேல். மழைவெள்ளத்தில் அடித்துவந்த நாலு நண்டு என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் தாய்நண்டுகள் இருந்தன, இந்த இனம் முட்டையைத் தண்ணீரில் விடாது, குஞ்சு பொரிந்த பிறகும் வயிற்று மடிப்புக்குள்ளேயே சுமந்துகொண்டு திரியும், மடிப்பை விரித்தால் கடுகு கடுகாக முழு நண்டுகள். குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. முதல் தாயைப் பிடித்த அன்று, புட்டியில் போட வேண்டிய களச்சீட்டைப் பென்சிலில் எழுதினாள், எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அவள் களச்சீட்டை மட்டும் தமிழில் எழுதுவாள், கை வேகமாகப் போகும் என்பதற்காக. தேதி, நேரம், பிடித்தவர், இடம். இடம் என்ற இடத்தில் பென்சில் நின்றது. மகளிர் விடுதி, சமையற்கட்டின் பின்புறம், என்று எழுதி, வடிகால் என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். வடிகாலாம். யாருக்குப் பயந்து வடிகால்.

யாருக்கு என்று அவளுக்குத் தெரியும், ஏழாம் வகுப்புக்கு. டீச்சர் வரிசையாக எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டபோது நகராட்சியில் என்று சொன்னாள், அப்பா தேவசகாயம் சொல்லிக்கொடுத்த பதில் அல்ல, அவளாகவே கண்டுபிடித்த பதில், பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, சாக்கடை அள்ளுதவரு டீச்சர் என்றாள், அவ்வளவுதான், டீச்சர் அவளைக் கண்டிக்கவில்லை, சுகிர்தாவை உட்காரச் சொன்னாள். அந்த வருஷம் முழுக்க அவள் பெயர் அதுவாக இருந்தது. பிறகு எங்கே கேட்டாலும் நகராட்சி, அப்புறம் அரசு ஊழியர், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘பொதுச் சுகாதாரம்’ என்று எழுதினாள், சொல் நீள நீள அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். அவருக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. களச்சீட்டு எழுதிய அன்று ராத்திரி போனில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு, நான் பாக்காத நண்டா பிள்ளே, முப்பது வருசமா பாக்கேன், சந்துக்குள்ள கைய விட்டா கடிக்குமே அந்தச் சனியந்தானே என்றார். ஏம்ப்பா இதுவரைக்கும் சொல்லலை என்று கேட்டாள். நீ கேக்கலியே என்றார், அப்புறம், நல்ல தண்ணியில கெடந்தாத்தான் நண்டா, சாக்கடையில கெடந்தா நண்டு இல்லியாக்கும் என்றார். அவர் நண்டைப் பற்றித்தான் சொன்னார். அவள்தான் போனை வைத்ததும் களச்சீட்டைத் தேடிப் போனாள். அறைக்கு வந்து, வடிகால் என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தாள், அழிக்கவில்லை, அழிப்பது களச்சீட்டுக்கு ஆகாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் அழுத்தி எழுதினாள், சாக்கடை. அது பதினேழாம் நம்பர் புட்டி.

மேடையில் இப்போது எம்.எஸ்ஸி. மாணவி ஒருத்தி, மாணவர் செயல்பாடுகள் அறிக்கை, வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பு, விதைப்பந்து வீசியது, பாம்பு விழிப்புணர்வு முகாமில் பாம்பு வராமல் போனது, எல்லாவற்றுக்கும் படம். அடுத்த படம் தூய்மை வாரம். குற்றாலலிங்கம் புதுத் துடைப்பத்தோடு நிற்கிறார், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை, சுற்றிலும் பிள்ளைகள், கையுறை, முகக்கவசம், பின்னால் அந்தச் சாக்கடை. அதன் விளிம்பில் கோலம் மாதிரி பிளீச்சிங் பவுடர். கைதட்டல். சாக்கடையைத் துடைப்பத்தால் பெருக்குகிறவர்களை அப்பா பார்த்தால் என்ன சொல்வார், ஒன்றும் சொல்லமாட்டார், துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பார், வெறுங்கை, நகக்கண் எல்லாம் கறுப்பு, ஒரு தடவை காய்ச்சலில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் ஊசி போட நரம்பு தேடிய நர்ஸ் அந்தக் கையைத் தொடாமல் தொட்டாளே. வேண்டாம், அந்த நினைப்பு இப்போது வேண்டாம். அந்த மாணவி சொல்கிறாள், வரும் திங்கட்கிழமை முதல் இந்த இடம் சிமென்ட் கால்வாயாக மாற்றப்பட்டு மூடப்படும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மகிழ்ச்சியுடன். ஜல்லி வந்து குவிந்து நாலு நாளாகிறது, அதன் மேல் நாய் படுத்திருக்கிறது. செங்கல் சந்தெல்லாம் போய்விடும், சந்து போனால் தாய்கள் போகும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத நண்டு என்று பேட்ஜில் குத்திக்கொண்டிருப்பார்கள், அது மட்டும் உண்மையாகிவிடும், வேறெங்கும் இருக்காது, இங்கேயும் இருக்காது.

போன வாரம் அவர் அறையில் நின்றாள், அவர் உட்காரச் சொல்லவில்லை. நல்ல வேலைம்மா, இருபத்து மூணு ஸ்பெசிமன், தாய் குஞ்சு எல்லாம், பிரமாதம், இடத்தை மட்டும் மாத்திரு, மலையோடைன்னு போட்டுரு என்றார், சோற்றில் உப்பு குறைகிறது என்று சொல்கிற சாவகாசத்தோடு. சார் அங்க ஒண்ணுகூட இல்லை சார். நீ பாக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமாம்மா. சார், இதெல்லாம் சாக்கடையில. அவர் மூக்கைச் சுளித்தார், நிஜமாகவே சுளித்தார், நண்டைக் கண்டுபிடித்த மூக்கு. அந்த வார்த்தையைத் திட்ட அறிக்கையில எழுதச் சொல்லுதியா, பதினெட்டு வருசமா சுத்தமான தண்ணீர்னு சொல்லிட்டு வாரேன், உனக்கு வேணா அது பழக்கமான இடமா இருக்கலாம். உனக்கு வேண்டுமானால். அவருக்கு எப்படித் தெரியும், பொதுச் சுகாதாரம் என்றுதானே எழுதியிருந்தாள், எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, அவள்தான் ஐந்து வருஷமாக மூடிமூடி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பைத்தியக்காரி. பிறகு அவர் மேசையிலிருந்த அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தை, சினாப்சிஸை, தொட்டார், கையெழுத்து போடவில்லை, தடவிக்கொடுத்தார். ஆய்வு நாள் முடியட்டும், போட்டுத்தாரேன் என்றார். பச்சை மை பேனா சட்டைப்பையில் சொருகியிருந்தது. அந்தப் பச்சை மை இல்லாமல் இந்த வளாகத்தில் ஒன்றும் அசையாது, விடுப்பு, நூலகச் சீட்டு, ஐந்து வருஷம், எல்லாம் அந்த மைக்குக் காத்திருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் அது விழவில்லையென்றால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, காலம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய் என்ன சொல்வாள், ஊரில் எல்லாரிடமும் அப்பா, எம்பொண்ணு டாக்டராவப் போறா, ஊசி போடுத டாக்டர் இல்ல, அதுக்கும் மேல என்று சொல்லிவைத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். நண்டுக்குத் தெரியவா போகிறது தன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போய், பத்து வருஷம் கழித்து உண்மையை எழுதலாம், எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், குற்றாலலிங்கமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் முன்னால் நின்றுகொண்டு இதையேதான் நினைத்திருப்பார்.

எதிர்த்துக்கூடப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள், அதுதான் இன்னும் எரிகிறது. ஆனால் மாற்றவும் இல்லை. மாற்றமாட்டாள் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், அதனால்தான் நேற்று மத்தியானம் அவளை அச்சகத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது பக்கத்து மேசை ஷமீலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள், ஏட்டி, சாரு உன் பாட்டில் எல்லாத்தையும் தொறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, உன் சீட்டையெல்லாம் இடுக்கியால எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு, புதுச் சீட்டு எழுதிப் போட்டாரு, மலையோடைன்னு, அவரே, கைப்பட. அவரே கைப்படவா. ஆமாட்டி, அவர் பேனாவால. பழைய சீட்டைப் புட்டியிலிருந்து எடுக்கவே கூடாது, தப்பாக இருந்தாலும் எடுக்கக் கூடாது, புதுச் சீட்டைப் பக்கத்தில் போடலாம், இந்தத் தொழிலில் அதுதான் மானம். அதை எடுத்துவிட்டார். ஆனால் ஷமீலா சொன்னதில் வேறொன்று அவள் காதில் முள்ளாக நின்றது, பேனாவால. நேற்று அது ஏன் குத்துகிறது என்று புரியவில்லை, ஆத்திரம் கண்ணை மறைத்தது, காலையில் பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் புரிந்தது. ஸ்பிரிட் மையைத் தின்றுவிடும். முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம், கைகழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது, ‘பென்சில் மட்டும்’, அவர் எழுத்துத்தான், பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய எழுத்து. மறந்துவிட்டார். கையெழுத்து போட்டுப் போட்டு, தான் எழுதினால் எதிலும் நிற்கும் என்று ஆகிவிட்டது அவருக்கு. இருபத்து மூன்று புட்டியிலும் வெள்ளைத்தாள் மிதக்கிறது. காலையிலேயே பதினேழாம் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள், தாய்நண்டு, அதன் வயிற்று மடிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சுருண்டு ஒட்டிக்கொண்டு ஒரு சீட்டு, அவர் இடுக்கிக்குத் தப்பியது, பென்சில் எழுத்து. இடத்தில் வைத்தாள். சீட்டு ஒட்டிய பக்கம் மேடையைப் பார்த்திருக்கும்படி வைத்தாள்.

அடுத்து செல்வி சுகிர்தா. யாரோ பெயரைச் சொல்லிவிட்டார்கள், நடுவில் ஒருத்தன் பேசினானே, எப்போது பேசினான், என்ன பேசினான், அவள் எழுந்துவிட்டாள். குற்றாலலிங்கம் உட்கார்ந்த இடத்திலேயே மைக்கை வாங்கி, மேடம், இந்தப் பொண்ணு மலையோடையில ரொம்பக் கஷ்டப்பட்டு என்று ஆரம்பித்தார், குரலில் பாசம் வேறு. படம் காட்டுகிற கணினி இடது பக்கம், மேசை வலது பக்கம். அவள் வலது பக்கம் போனாள். இன்னும் திரும்பலாம், நாலடி தூரத்தில் கையெழுத்து இருக்கிறது, ஐந்து வருஷம் இருக்கிறது, அப்பாவின் டாக்டர் இருக்கிறது, மூன்றடி, இரண்டடி, போ, எல்லாம் போ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பயந்துகொண்டே செய்கிறேன், போதுமா. பதினேழை எடுத்து டாக்டர் பத்மலோசனியின் கையில் கொடுத்தாள். இடம் என்னன்னு படிங்க மேடம். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைப் பார்த்தார். இதுல ஒண்ணும் எழுதலையேம்மா, வெறும் பேப்பரா இருக்கு. அது பச்சை மையில எழுதினது மேடம், தண்ணியைப் பாருங்க, அங்க இருக்கு, பின்னாடி திருப்பினா இன்னொண்ணு, பென்சில். குற்றாலலிங்கத்தின் கை அப்போதுதான் சட்டைப்பைக்குப் போனது, பேனாவைத் தொட்டது, அங்கேயே நின்றது. இன்றைக்கு முதல்முறையாக அவர் புட்டிகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, வரிசையாக. பத்மலோசனி நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார், மகளிர் விடுதி, சமையற்கட்டின் பின்புறம், வடிகால்னு எழுதி அடிச்சிருக்கு. அப்புறம் நிறுத்தினார். அடுத்த சொல்லைப் படிக்கலாமா என்பதுபோல நிமிர்ந்தார். சுகிர்தா குற்றாலலிங்கத்தின் கையிலிருந்து மைக்கை எடுத்தாள், சாக்கடை மேடம் என்றாள், பின்வரிசையில் சிரித்தார்கள், ஏழாம் வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு, அவள் அது ஓயும்வரை நின்றாள், பிறகு இன்னும் சத்தமாக, சாக்கடைதான், எங்க அப்பா முப்பது வருசமாப் பாத்த நண்டு என்றாள். குற்றாலலிங்கம், ஏதோ குழப்பம் நடந்திருக்கு மேடம், பொண்ணு கொஞ்சம் உணர்ச்சிவசப்படுது என்றார். பத்மலோசனி அவரைப் பார்க்கவில்லை. எந்த இடம்மா இது என்று கேட்டார். இருநூறு அடி இருக்கும் மேடம், இப்பவே நடந்து போய்ப் பாத்துரலாம், திங்கட்கிழமைன்னா இருக்காது. டாக்டர் பத்மலோசனி புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார்.